ஓட்டுநர் இல்லாத ரயிலும் உரிமை இல்லாத ஓட்டுநரும்

பூந்தமல்லியின் பெயர் பத்திரிகைகளில் அடிபடுகிறது. ஓட்டுநரே இல்லாமல் ஓடும்படி கட்டப்பட்ட மெட்ரோ ரயில் ஒன்று 2025 மார்ச் 20-ம் தேதி பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே மேல்பாதையில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. அடுத்த மாதக் கடைசியில் போரூர் வரையில் ரயில் போயிற்று. அன்று தொட்டு கரையான்சாவடியிலும் குமணன்சாவடியிலும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு பேச்சு கிடையாது. "ஆளே இல்லாம ஓடுமாமே!" என்று வியப்பவர் பாதி. "அப்போ டிரைவருங்க கதி?" என்று கேட்பவர் பாதி.

இரண்டாவது கேள்வி தொழிலாளி கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அது முழுக் கேள்வியல்ல, அரைக் கேள்விதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மீதி அரைக் கேள்வி அதே பூந்தமல்லியில், அதே சாலையில், மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் பணிமனைக்குள் இருக்கிறது. ரயிலை அண்ணாந்து பார்ப்பவர்கள் கண்ணைச் சற்றே கீழே இறக்கினால் அது தெரியும்.

முதலில் ரயிலைப் பார்ப்போம். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ரயில் எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்ற செய்தி ரேடியோ அலை மூலம் கணந்தோறும் கணிப்பொறிகளுக்குப் போகிறது. முன்னால் போகும் ரயிலுக்கும் பின்னால் வரும் ரயிலுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணிப்பொறி கணக்கிட்டு உத்தரவு அனுப்புகிறது. ரயில் புறப்படுகிறது, நிற்கிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது. பிளாட்பாரத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. பெட்டிக்குள் காமிரா இருக்கிறது. ஆபத்து என்றால் பயணி ஒரு பொத்தானை அழுத்திக் கட்டுப்பாட்டு அறையோடு பேசலாம். ஆக, மனிதன் மறைந்துவிடவில்லை. முன் அறையிலிருந்து எழுந்து கட்டுப்பாட்டு அறைக்கும், பழுது பார்க்கும் ஷெட்டுக்கும், ஸ்டேஷனுக்கும் போய்விட்டான். போனவன் எந்த நிபந்தனையில் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை தொடங்கியது. அந்த ரயிலிலேயே பெரும்பாலான வேலையை யந்திரம்தான் செய்தது. ஓட்டுநர் கதவைக் கவனிப்பார், பொத்தானை அழுத்துவார், பாதையில் கண் வைத்திருப்பார். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பிரேக் போடுவதும் யந்திரமே. யந்திரம் ஓட்டுநரின் வேலையை ஒரே நாளில் பறிக்கவில்லை. சிறுகச் சிறுகத்தான் எடுத்துக்கொண்டது. உலகம் பூராவும் இப்படித்தான் நடந்திருக்கிறது. லண்டனில் விக்டோரியா பாதையில் 1968-லேயே ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் ரயில் தானே ஓடியது. ஜப்பானின் கோபே நகரில் 1981-லும், பிரான்ஸின் லீல் நகரில் 1983-லும் ஆளில்லாத ரயில்கள் வந்துவிட்டன. நம் தமிழர் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் 2003-ல் வந்தது. தில்லியில் 2020 டிசம்பர் 28-ல் வந்தது. பூந்தமல்லிக்கு வந்ததில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் சென்னை மெட்ரோவில் ஓட்டுநரின் நாற்காலியை ஆட்டிவைத்தது கணிப்பொறியா? இல்லை. தோழர்கள் 2019-ஐ நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். சங்கம் வைத்த குற்றத்துக்காக நிரந்தர ஊழியர்கள் எட்டுப் பேரை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. அந்த ஏப்ரல் கடைசியில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில் இயக்கத்திலும் ஸ்டேஷன்களிலும் காண்ட்ராக்ட் ஆட்களைக் கொண்டு நிரப்புவதுதான் அந்தத் தகராறின் அடிவேர். அன்று ஆளில்லாத ரயில் எதுவும் சென்னையில் கிடையாது. ஓட்டுநர் இருந்தார், ரயில் இருந்தது, நிரந்தர வேலை மட்டும் கரைந்துகொண்டிருந்தது. யந்திரம் வருவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே காண்ட்ராக்ட் வந்துவிட்டது. எது முதலில் வந்தது என்ற இந்த வரிசை முக்கியம்.

இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள்; 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை வருவது நான்காம் வழித்தடம், 26.1 கிலோமீட்டர். இதற்கான முதல் 26 ரயில்களை ஆல்ஸ்டாம் என்ற பிரெஞ்சுக் கம்பெனி ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி ஆலையில் செய்தது. பெரம்பூரில் ஐ.சி.எப். இருக்கும்போது ஸ்ரீசிட்டிக்குப் போவானேன் என்று கேட்கிற பழைய தொழிலாளிக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. அது வேறு கதை. இந்த இரண்டாம் கட்டம் முழுவதையும் இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பு 2025 ஜூன் மாதத்தில் தில்லி மெட்ரோ கழகத்திடம் விடப்பட்டது. 12 ஆண்டுகளுக்கு 5,870 கோடி ரூபாய் காண்ட்ராக்ட்.

"தில்லி மெட்ரோவும் சர்க்கார் கம்பெனிதானே, தனியார் இல்லையே?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். சர்க்கார் கம்பெனிதான். ஆனால் சென்னை மக்களின் வரிப்பணத்திலும் கடனிலும் கட்டிய ரயிலை ஓட்டும் தொழிலாளிக்கு முதலாளி யார்? சம்பளம் போதவில்லை என்றால் அவன் நந்தனத்தில் கதவைத் தட்டுவதா, தில்லியில் தட்டுவதா? தில்லிக் கழகம் நேரே ஆள் எடுக்குமா, இல்லை, வாங்கிய காண்ட்ராக்டைத் துண்டு போட்டு ஏஜென்சிக்காரர்களிடம் கொடுக்குமா? பாதுகாவல், துப்புரவு, டிக்கெட் கவுண்ட்டர் வேலைகளை ஏஜென்சிகளிடம் விடுவது மெட்ரோ கம்பெனிகளுக்குப் பழகிப்போன சங்கதி. ஓட்டுநர் என்ற ஒரு பதவியே இல்லாத ரயிலில், எஞ்சிய பதவிகளும் ஏஜென்சியின் கைக்குப் போனால், ஒரு நாள் அந்த நிறுவனத்தில் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ள ஆளே இருக்க மாட்டார். வேலை இருக்கும். வேலை செய்கிற மனிதரும் இருப்பார். அவர் அங்கே தொழிலாளி இல்லை என்று காகிதம் சொல்லும்.

பஸ் பணிமனைக்குள்

இப்போது கீழே வருவோம்.

உலக பாங்கியின் உதவியோடு நடக்கும் திட்டத்தின் கீழ், முதல் தவணையாக 625 மின்சார பஸ்களைச் சென்னையில் விட முடிவாயிற்று. வியாசர்பாடி, பெரும்பாக்கம், பூந்தமல்லி, சென்ட்ரல், தண்டையார்பேட்டை என்று ஐந்து பணிமனைகள் இதற்காகக் குறிக்கப்பட்டன. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியில் 120 பஸ்களோடு இது தொடங்கியது.

பஸ் நல்ல பஸ். இதை மறைக்க வேண்டியதில்லை. புகை இல்லை, இரைச்சல் இல்லை. தாழ்தளம், கிழவிகூடத் தடுமாறாமல் ஏறலாம். ஓட்டுநருக்கும் சுகம். கிளச் இல்லை, கியர் இல்லை. பழைய டீசல் பஸ்ஸில் சித்திரை வெயிலோடு எஞ்சின் சூட்டையும் சேர்த்துச் சுமந்தபடி, பூந்தமல்லியிலிருந்து பாரிமுனை வரை சிக்னலுக்குச் சிக்னல் கிளச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனவர்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர். அவர்களில் யாரைக் கேட்டாலும் "இந்த வண்டி பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்றுதான் சொல்வார்.

பிறகு என்ன குறை? அந்த பஸ்ஸை அவர் ஓட்டப் போவதில்லை என்பதுதான் குறை.

பஸ்ஸை வாங்குவது கம்பெனி. பராமரிப்பது கம்பெனி. ஓட்டுநரைப் போடுவதும் கம்பெனி. மாநகர் போக்குவரத்துக் கழகம் கண்டக்டரை மட்டும் ஏற்றி அனுப்பும். டிக்கெட் பணத்தைக் கழகம் வாங்கிக்கொள்ளும். பஸ் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு ரூபாய் என்று கம்பெனிக்குக் கழகம் கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு மொத்தச் செலவு ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி என்ற நிறுவனம் 500 பஸ்களுக்கான காண்ட்ராக்டை எடுத்தது. இதுவும் 12 ஆண்டு. மேலே ரயிலுக்கும் 12, கீழே பஸ்ஸுக்கும் 12. குறிஞ்சி பூக்கிற கணக்கில் காண்ட்ராக்ட் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது!

இந்த ஏற்பாட்டில் யாருடையது எது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பணிமனை நிலம் கழகத்தினுடையது. வியாசர்பாடி பணிமனையை மின்சார பஸ்ஸுக்கு ஏற்ப மாற்றிக் கட்டிய 47 கோடியே 50 லட்சம் ரூபாய் பொதுப் பணம். வழித்தடம் கழகத்தினுடையது. பயணி கழகத்தின் பயணி. கண்டக்டர் கழகத்தின் ஊழியர். பஸ் காலியாக ஓடினாலும் கிலோமீட்டர் கணக்கில் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதால், நஷ்டத்தின் ஆபத்தும் கழகத்தினுடையது. கம்பெனியின் பங்கு பஸ்ஸும் ஓட்டுநரும்தான். பஸ் வாங்கக் கழகத்திடம் முதல் இல்லை என்று ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் இல்லையா? இருக்கிறார். மலைப்பாதையிலும் மழை வெள்ளத்திலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டின் போக்குவரத்துக் கழகங்களில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். பஸ்ஸைக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து, கழகத்தின் ஓட்டுநரை உட்கார வைக்கலாமே? மின்சார பஸ்ஸை ஓட்டக் கற்றுக்கொடுக்க எவ்வளவு நாள் ஆகிவிடப்போகிறது?

ஆக, மின்சாரத்துக்கும் காண்ட்ராக்ட் ஓட்டுநருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டீசல் பஸ்ஸிலும் இதையேதான் செய்யப் பார்த்தார்கள். 2023 மே 29-ம் தேதி மாலை சென்னைப் பணிமனைகளில் பஸ்கள் திடீரென நின்றது நினைவிருக்கும். ஏஜென்சி மூலம் தனியார் ஓட்டுநர்களைப் போடுகிறார்கள் என்ற கோபத்தில் அன்று முன்னால் நின்றவர்கள் அப்போதைய ஆளும் கட்சியின் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்களே. முன்வாசலில் எதிர்ப்பு வந்ததும் பின்வாசல் வழியாக, பேட்டரிக்குள் வைத்து, அதே சரக்கைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பேட்டரியை எதிர்க்க யாருக்கும் மனம் வராது. புகை வேண்டாம் என்று சொல்லாத மனிதன் உண்டா? அந்த நல்லெண்ணத்தின் முதுகில் ஏறித்தான் காண்ட்ராக்ட் பணிமனைக்குள் நுழைகிறது.

அந்த ஓட்டுநரின் நிலை என்ன? கழகத்துக்கும் சங்கங்களுக்கும் இடையே 2025 மே மாதம் கையெழுத்தான 15-வது ஊதிய ஒப்பந்தம் அவருக்குச் செல்லாது. அவர் கழக ஊழியர் இல்லை. கண்டக்டரும் அவரும் ஒரே பஸ்ஸில், ஒரே ஷிப்டில், ஒரே நெரிசலில் வேலை செய்கிறார்கள். மத்தியானம் ஒரே இடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு வேறு சட்டம். பஸ் தாமதமானால், நடை தவறினால், கழகம் கம்பெனிக்கு அபராதம் போடும் என்பது இத்தகைய ஒப்பந்தங்களின் வழக்கம். கம்பெனி அந்த அபராதத்தை எங்கே இறக்கி வைக்கும்? போரூர் சந்திப்பில் தோண்டிப் போட்ட பள்ளத்தின் மீதா?

பழைய கணக்கு

மின்சார வண்டி சென்னைக்குப் புதிதல்ல. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சொந்தம். லாபம் வந்தவரை ஓட்டினார்கள். கட்டவில்லை என்றதும் 1953 ஏப்ரல் 12-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். டிராம் தொழிலாளி தெருவில் நின்றான். அப்போதும் பழி யந்திரத்தின் மீதுதான் விழுந்தது: டிராம் பழசாகிவிட்டது, பஸ் புதுசு என்றார்கள். உலகத்தில் எத்தனையோ நகரங்களில் டிராம் இன்றைக்கும் ஓடுகிறது. இங்கே நின்றதற்குக் காரணம், கம்பெனியின் கணக்குப் புத்தகம் முடிந்ததும் பொறுப்பு முடிந்தது என்ற ஏற்பாடு. 12 வருஷக் காண்ட்ராக்ட் முடிகிற அன்று பூந்தமல்லி பணிமனையில் தேய்ந்த பேட்டரிகளோடு நிற்கப் போகிற ஓட்டுநரை நினைத்தால் அந்த டிராம் தொழிலாளிதான் கண்முன் வருகிறார்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. 1947-ல் 30 பஸ்களோடு சர்க்காரே சென்னையில் பஸ் விட ஆரம்பித்தது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தனியார் பஸ் முதலாளியிடம் விடியற்காலம் தொடங்கி நடுச்சாமம் வரை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, பிராவிடண்ட் பண்டு, அடையாள அட்டை எல்லாம் வந்தது இந்த வழியில்தான். யாரும் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்ததற்குப் பின்னால் எத்தனை கேட் கூட்டங்கள், எத்தனை சஸ்பென்ஷன்கள்! அந்தச் சட்டத்தையும், காண்ட்ராக்ட் தொழிலாளர் பற்றிய 1970-ம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்து விழுங்கிய புதிய தொழிற்சட்டத் தொகுப்புகளை ஒன்றிய சர்க்கார் 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான் ஆவடி இருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட ஊரில் பின்னர் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 2021 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையும் இலாகா என்ற நிலையிலிருந்து கம்பெனியாக மாற்றப்பட்டது. அந்தத் தீர்மானத்தின் பயணம் இவ்வளவுதான்.

மந்திரியின் கண்ணீர்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி 2023 டிசம்பரில் நாகபுரியில் பேசும்போது, ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் ஒருநாளும் அனுமதிக்க மாட்டேன் என்றார். 70, 80 லட்சம் ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் அங்கம் வகிக்கும் மந்திரிசபை 10,000 மின்சார பஸ்களுக்கான திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டது. அந்த பஸ்களை ஓட்டப் போவது யார்? தனியார் கூட்டோடு, கிலோமீட்டர் கணக்கில், காண்ட்ராக்டில்தான். எங்கோ அமெரிக்காவிலிருந்து வரப்போகிற ஆளில்லாத காரைத் தடுத்து ஓட்டுநரைக் காப்பாற்றுகிறவர்கள், வாசலுக்கு வந்துவிட்ட காண்ட்ராக்டரைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்கிறார்கள்.

உண்மையில் ஆளில்லாத கார் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கோடு பார்த்து ஓடும் கார் ஐயப்பன்தாங்கலில் கோட்டைத் தேடிக்கொண்டு நிற்கும். போரூர்ப் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சிலர் வாங்கியிருக்கும் புதிய மின்சாரக் கார்களில், முன்னால் வண்டி வந்தால் தானே பிரேக் போடும் வசதி இருக்கிறது. ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வெட்டும்போதெல்லாம் கார் அலறுகிறதாம்; அவர்கள் அந்த வசதியை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்களாம். நம் சாலையே நம் ஓட்டுநருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது என்று சிரித்துக்கொள்ளலாம். ஆனால் மின்சாரக் கார் வேறொரு வாசல் வழியாகத் தொழிலாளியைத் தொடுகிறது. அதற்கு எஞ்சின் இல்லை. பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாப்ட், புகைக்குழாய், பலபற்சக்கரக் கியர்பெட்டி எதுவும் வேண்டாம். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த நாள் முதல், பாடியிலிருந்து அம்பத்தூர் வரை லேத்தும் மில்லிங்கும் கிரைண்டிங்கும் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சாமான்களைக் கடைந்து கொடுத்து வாழ்கிற ஜாப் ஒர்க் பட்டறைகள் எத்தனை! ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் இடங்கள். ஆர்டர் நின்றால் அங்கே லேஆப் கிடையாது, நஷ்டஈடு கிடையாது. ஷட்டரை இறக்குவதோடு சரி. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2023-ல் வெளியிட்ட மின்சார வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீடும் ஒன்றரை லட்சம் வேலையும் வரும் என்று இலக்கு வைத்தது. வரட்டும். அந்த ஒன்றரை லட்சத்தில் அம்பத்தூர் லேத் தொழிலாளிக்கு எத்தனை? நாற்பது வயதில் அவரை மறுபடி ஐ.டி.ஐ.யில் சேர்த்துச் சம்பளத்தோடு கற்றுக்கொடுக்க என்ன ஏற்பாடு? முதலீட்டுக்கு வரிச்சலுகை எத்தனை ஆண்டு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும்.

செல்போன் செயலியில் ஓடும் டாக்ஸிக்காரர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். அந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கிறார், மேஸ்திரிதான் யந்திரமாகிவிட்டார். எங்கே போக வேண்டும், என்ன வாடகை, யாருக்கு வேலை, யாருக்குப் பட்டினி என்று செயலி தீர்மானிக்கிறது. முகம் இல்லாத மேஸ்திரியிடம் முறையிட வாசலும் இல்லை.

யந்திரத்தை உடைப்பதா?

நம்மைப் பார்த்து, "நீங்கள் எல்லா யந்திரத்தையும் எதிர்ப்பவர்கள்தானே" என்று கேலி பேசுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. 1960-களின் நடுவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி வைக்க முனைந்தபோது, கல்கத்தாவில் இலாக்கோ கட்டடத்து வாசலில் இன்சூரன்ஸ் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றதை இன்றும் எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் பின்கதையைச் சொல்வதில்லை. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் யந்திரமயம் பற்றியே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். யந்திரம் எங்கே வரலாம், எந்த அளவுக்கு வரலாம் என்று மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசி எழுதினார்கள். பிறகு வங்கிகளில் கணிப்பொறி வராமலா போயிற்று? வந்தது. அன்று வேலையில் இருந்த குமாஸ்தாவைத் தெருவில் தள்ளிவிட்டு வரவில்லை. கேட்டுக்கொண்டு வந்தது.

பாரிஸ் நகரத்தில் மெட்ரோவின் முதல் பாதை 1900-ல் திறந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓட்டுநர்கள் ஓட்டிய பாதை. 2011, 2012-ம் ஆண்டுகளில் அதை ஆளில்லாத பாதையாக மாற்றினார்கள். அங்கிருந்த ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. மற்றப் பாதைகளுக்கும் மேற்பார்வை வேலைகளுக்கும் மாற்றினார்கள். அந்த ஊர் முதலாளிகள் தர்மவான்கள் என்பதால் அல்ல. அந்த ஊர் ரயில் தொழிலாளி ஒரு நாள் கைகட்டி நின்றால் பாரிஸ் நின்றுவிடும் என்பதால். லண்டனில் 1987-ல் டாக்லாண்ட்ஸ் பக்கம் வந்த ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. ஆனால் ஒவ்வொரு ரயிலிலும் ஓர் ஊழியர் இன்றுவரை கூடவே போகிறார். கதவைப் பார்க்கிறார், பயணிக்கு உதவுகிறார், யந்திரம் மக்கர் செய்தால் தாமே ஓட்டுகிறார். பூந்தமல்லி ரயிலிலும் அப்படி ஒருவர் இருந்தால் என்ன குறைந்துவிடும்? மேல்பாதையில் நடுவழியில் ரயில் நின்றுபோய், உள்ளே கைக்குழந்தைக்காரியும் இருதய நோயாளியும் இருக்கும்போது, பொத்தானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரல் மட்டும் போதுமா? தில்லியில் தொடக்கத்தில் ஆள் கூட அனுப்பினார்கள். பிறகு படிப்படியாக விலக்கிக்கொண்டார்கள். இங்கே விலக்கிக்கொள்ளக் கூடாது என்று இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

கட்டும்போது சிந்திய இரத்தத்தையும் மறந்துவிட வேண்டாம். 2025 ஜூன் 12-ம் தேதி இரவு மணப்பாக்கம் அருகே இதே இரண்டாம் கட்ட வேலையில் இரண்டு பாலத் தூண்டுகள் விழுந்து, சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் மாண்டார். அதிசய ரயிலுக்குத் தரும் பக்கத்தில் பாதியாவது அந்தக் குடும்பத்துக்குப் பத்திரிகைகள் தந்தனவா?

செய்ய வேண்டியது என்ன? ஆளில்லாத ரயிலை நிறுத்து என்று நாம் கோஷம் போடப் போவதில்லை. இரண்டு ஒப்பந்தங்களையும், ஒரு வரி விடாமல், தமிழில் பகிரங்கமாக வெளியிடு என்று கேட்கிறோம். ரயில் கட்டுப்பாட்டு அறை, பராமரிப்பு ஷெட், ஸ்டேஷன் வேலைகளுக்குச் சென்னை மெட்ரோ நிறுவனமே நிரந்தரமாக ஆள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ரயிலிலும் ஓர் ஊழியர் வேண்டும். மின்சார பஸ்ஸை ஓட்டும் ஓட்டுநருக்கு, சம்பளச் சீட்டு யார் பெயரில் இருந்தாலும், கழக ஓட்டுநரின் ஊதியமும் வேலை நேரமும் விடுப்பும் வேண்டும். இனி வாங்குகிற பஸ்களில் கழகத்தின் ஓட்டுநர்தான் உட்கார வேண்டும்.

இதில் நம் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர்கள் சிலர் அந்தப் புதிய ஓட்டுநரைப் பகையாளியைப் போலப் பார்க்கிறார்கள். "கம்பெனி ஆளு" என்று ஒதுக்கி வைக்கிறார்கள். ஓய்வறையில் பக்கத்தில் உட்காருவதில்லை. அவன் யார்? திருவள்ளூர்ப் பக்கத்திலோ செய்யாற்றுப் பக்கத்திலோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஹெவி லைசென்ஸ் எடுக்க நகையை அடகு வைத்தவன். கழகத்தில் நிரந்தர ஆளெடுப்பு வரும் வரும் என்று காத்திருந்து வயது போனவன். கம்பெனி அவனை மலிவாக வாங்கியது அவன் குற்றமல்ல. அவன் ஒதுங்கி நிற்கும் வரையில் கம்பெனிக்குக் கொண்டாட்டம்தான். ஒரே பஸ்ஸில் போகிற கண்டக்டர்தான் அவனுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பவர்; அவர் கழகத்து ஊழியர்; அவர் கையில் சங்கத்தின் சந்தாப் புத்தகம் இருக்கிறது. பூந்தமல்லி பணிமனையில் கடைசி நடை முடிந்து வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு இருவரும் ஒன்றாகத்தான் வெளியே வருகிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து அவன் பெயரை எழுதச் சொல்லுங்கள்.